மண்டலம் சமம் வடக்கு

கையெழுத்துப் போட மாட்டேன் என்று மூன்றாவது தடவையாக எனக்குள் சொல்லிக்கொள்கிறேன். மூன்று தடவை சொல்ல வேண்டியிருக்கிறது என்றால் போட்டுவிடுவேனோ என்ற பயம் எங்கோ உட்கார்ந்திருக்கிறது என்றுதானே அர்த்தம், உட்காரட்டும், நானும்தான் உட்கார்ந்திருக்கிறேன், இந்த இரண்டாவது மாடித் தாழ்வாரத்தில், ஒரு கால் ஆடும் பெஞ்சில், மடியில் கைப்பை, கைப்பைக்கு மேல் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரே ஒரு தாள். மணி பத்து இருபது. பதினோரு மணிக்கு விசாரணை. தாள் எனக்கு மனப்பாடமாகிவிட்டது: மேற்படி நாளில் பணியிலிருந்த ஒப்பந்தப் பணியாளர் செல்வி ஹாஜிரா கட்டளையைத் தவறாக உள்ளிட்ட காரணத்தால், வடகரைப் படகுகளுக்குச் செல்ல வேண்டிய காற்று எச்சரிக்கை தென்கரைப் படகுகளுக்குச் சென்றுவிட்டது. கீழே கண்காணிப்பாளர் என்று அச்சடித்து அதற்கு மேல் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளையாக விட்டிருக்கிறார்கள். அந்த வெள்ளை எனக்கு. காலையில் படியேறும்போதே தர்மசீலன் சார் இதைக் கையில் திணித்தார், துணை இயக்குநர், என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர், எப்போதும் சிரித்த முகம். "யாரும் சாகலையே மேடம், இதை ஏன் பெருசு பண்ணணும்? அந்தப் பொண்ணு ஒப்பந்தம்தானே, இன்னொரு எடம் பாத்துக்கும். உங்களுக்கு இன்னும் ஏழு மாசம். பேசாம போட்டுட்டு, மாலையும் கழுத்துமா வீட்டுக்குப் போய்ச் சேருங்க." மாலையும் கழுத்துமாக மனிதர்களை அனுப்பி வைப்பது இரண்டு சந்தர்ப்பங்களில்தான், இரண்டிலும் அனுப்பப்படுகிறவர் வாய் திறக்கக் கூடாது. யாரும் சாகவில்லை. உண்மைதான். நாலு பேர், ஒரு ராத்திரி, ஒரு பகல், கவிழ்ந்த படகுக்குப் பக்கத்தில் மிதந்த ஐஸ்பெட்டியைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள், வேறொரு படகு பார்த்தது, தூக்கியது, பிழைத்தார்கள். பிழைத்ததால் அது சின்ன விஷயம் ஆகிவிட்டது. செத்திருந்தால் பெரிய விஷயம். நடுவில் உப்புத் தண்ணீரில் போன அந்த ஒரு ராத்திரிக்கு அளவு ஒன்றும் கிடையாது போலிருக்கிறது.

கட்டளையைத் தவறாக உள்ளிட்ட காரணத்தால். இந்த இடத்தில்தான் மனது போய்ப் போய் மாட்டிக்கொள்கிறது, முந்தானை ஆணியில் மாட்டிக்கொள்வதுபோல, விடுவித்துக்கொண்டு இரண்டடி நடந்தால் திரும்பவும் இழுக்கிறது. ஷெல் என்று கணினிக்குள் ஒரு நிரல் இருக்கிறது, முப்பது வருடமாக நான் மனிதர்களைவிட அதிகமாகப் பேசியிருப்பது அதோடுதான். கறுப்புத் திரையில் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு காத்திருக்கும். நாம் ஒரு வரி அடித்து என்டர் தட்டியதும் அந்த வரியைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பார்த்து அதன்படி செய்யும். அடிப்பது ஆங்கிலத்தில், ஆனால் நினைக்கும்போது எனக்கு அது தமிழில்தான் வரும். மண்டலம் சமம் வடக்கு, என்டர். மண்டலம் என்று பெயர் எழுதிய டப்பாவுக்குள் வடக்கு என்ற சொல் போய் உட்கார்ந்துகொள்ளும். சமக்குறிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இடைவெளி விடக்கூடாது, விட்டால் ஷெல் அதை டப்பாவென்றே எடுத்துக்கொள்ளாது, மண்டலம் என்று ஏதோ ஒரு வேலை இருக்கிறதாக்கும் என்று வீடு முழுக்கத் தேடிவிட்டு அப்படி ஒன்று இங்கே இல்லை என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லும். பிறகு இரண்டாவது வரி. அனுப்பு டாலர் மண்டலம், என்டர். பெயருக்கு முன்னால் டாலர் குறி போட்டால் அந்த டப்பாவைத் திறந்து உள்ளே இருப்பதை எடுத்துக் கொடு என்று பொருள். ஷெல் திறக்கும், வடக்கு என்று எடுக்கும், டாலர் மண்டலம் நின்ற இடத்தில் வடக்கு என்று வைக்கும், விரித்தல் என்போம் இதை, விரித்த பிறகுதான் அனுப்பு என்ற வேலையைக் கூப்பிடும். அந்த வேலைக்கு டப்பாவைத் தெரியாது, டாலரைத் தெரியாது, கையில் கொடுத்த சொல் மட்டும்தான் தெரியும், அதைப் பார்த்து வடகரையில் பதிந்திருக்கிற எல்லாக் கைபேசிகளுக்கும் கடலுக்குப் போகாதே என்று செய்தியைத் தள்ளிவிடும். இரண்டு வரி, அவ்வளவுதான். முதலில் வைப்பது, பிறகு எடுப்பது. அந்த இரண்டு வரியை ஒரு வரியாக்கிவிட்டோம்.

ஆக்கிவிட்டோம். பன்மை எவ்வளவு வசதியாக இருக்கிறது பார், நாலு நாளாக இந்தப் பன்மைக்குள்ளேயே சுருட்டிப் படுத்திருக்கிறேன், போர்வை மாதிரி. தர்மசீலன் சார்தான் கேட்டார். கரையோரத்து எச்சரிக்கை நிலையங்கள் எல்லாவற்றின் சுவரிலும் ஒரே மாதிரி அட்டை தொங்க வேண்டும், இயந்திரத்தைத் திறப்பதிலிருந்து பதிவேட்டில் எழுதுவதுவரை இருபத்து மூன்று படிகள், ஒரே பக்கம், பளபளப்பாகப் பிளாஸ்டிக் ஒட்டி. நான் தட்டச்சு செய்தது ஒரு வரி அதிகமாகி இரண்டாம் பக்கத்துக்கு வழிந்துவிட்டது. "இந்த ரெண்டு வரியையும் ஒண்ணாச் சேத்துடுங்க மேடம். தனித்தனியா அடிச்சா என்ன, சேத்து அடிச்சா என்ன, கம்ப்யூட்டருக்குத் தெரியாதா?" சேர்த்தேன். யார் சேர்த்தது? நான் சேர்த்தேன். இந்த விரல். மண்டலம் சமம் வடக்கு, ஓர் இடைவெளி, அனுப்பு டாலர் மண்டலம். ஷெல் அதை ஏற்கும் என்பது எனக்குத் தெரியும், ஒரு வேலைக்கு முன்னால் டப்பாவை வைத்து எழுதினால் அந்த ஒரு வேலை முடிகிறவரைக்கும் மட்டும் அந்த மதிப்பு உயிரோடிருக்கும், வேலை முடிந்ததும் போய்விடும், இதெல்லாம் பாடமாகச் சொல்லிக் கொடுத்தவள் நான். மறந்தது வரிசையை. ஒரே வரியில் இரண்டும் இருந்தால் ஷெல் முன்னால் இருக்கிற டப்பாவை ஓரமாக எடுத்து வைத்துவிடும். முதலில் பின்னால் இருக்கிற டாலரை விரிக்கும். அதற்கப்புறம்தான் திரும்பி வந்து புதியதை வைக்கும். அதாவது எடுத்த பிறகு வைக்கும். நாம் இடமிருந்து வலமாகப் படிக்கிறோம், வடக்கு என்று சொன்னோம், பிறகு அனுப்பு என்றோம், இதில் என்ன சிக்கல் என்று நினைக்கிறோம், அது அப்படிப் படிப்பதில்லை. டாலரைத் திறக்கும்போது டப்பாவுக்குள் ஏற்கனவே கிடந்த பழைய சொல்தான் அதன் கையில் சிக்கும். சோதித்துப் பார்க்காமல் இல்லை, பார்த்தேன். அன்றைக்கு மண்டலத்துக்குள் ஏற்கனவே வடக்குதான் கிடந்தது, அரை மணி முன்பு நானே ஒத்திகைக்கு வைத்தது. பழைய வடக்கு வந்தது, நான் புதிய வடக்கு என்று நினைத்தேன். "வேலை செய்யுது சார்" என்றேன். அட்டையின் அடியில் சரிபார்க்கப்பட்டது என்று போட்டுச் சுருக்கொப்பமிட்டேன். ஒன்பது நிலையங்களுக்கு ஒன்பது அட்டை போனது. தலைமையகத்துக் கூட்டத்தில் தர்மசீலன் சார் ஒரு பிரதியைத் தூக்கிக் காட்டி "ஒரே பக்கம்" என்றாராம், கை தட்டினார்களாம்.

பழையதுதான் முதலில் வரும். எனக்கா தெரியாது? கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் கால் வைத்த நாளிலிருந்து ஒன்றரை வருடம் என் பெயர் சுலோசனா. அவருக்கு நான் இரண்டாம் தாரம், முதல் மனைவி சுலோசனா டைபாய்டில் போய்விட்டாள், குழந்தை இல்லை. மாமியார் கெட்ட மனுஷி இல்லை, வேண்டுமென்றும் செய்யவில்லை, கூடத்திலிருந்து கூப்பிட வாயைத் திறந்தால் அந்தப் பெயர்தான் வரும், சுலோசனா அந்த மொளகாயத் திருப்பிப் போடு, சுலோசனா தபால்காரன் வந்திருக்கான் பாரு, நான் போய்த் திருப்பிப் போட்டேன், தபாலை வாங்கினேன், போனால்தான் நல்ல மருமகள். அவர்கூட ஒரு தடவை ஜுரத்தில், அதை இப்போது நினைக்க வேண்டாம், அவரும் போய் ஆறு வருடமாகிறது. ஒருநாள் அடுப்பில் பால் பொங்குகிறது, நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கிறேன், மாமியார் கூடத்திலிருந்து சுலோசனா சுலோசனா பாலு பாலு என்று அலறுகிறார், நான் அசையவில்லை. நுரை ஏறி, விளிம்பில் ஒரு கணம் தயங்கி, வழிந்து, நெருப்பில் விழுந்து, தீய்ந்த வாசனை வீடு முழுக்க, அந்த வாசனை இப்போதும், கீழே கேன்டீனில் ஏதோ அடிப்பிடித்திருக்கிறது. "காது கேக்கல ஒனக்கு?" என்று வந்து நின்றார். "சுலோசனாவுக்குக் கேக்காது அத்தே. அவங்க போய் மூணு வருஷமாச்சு." எப்படி வந்தது அந்த வாய், எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது, பி.எஸ்ஸி பௌதிகம், கையில் கரித்துணி. அன்று முழுக்க அவர் பேசவில்லை, ராத்திரி சாப்பிடவுமில்லை. மறுநாள் காலையில் கூடத்திலிருந்து, ரஞ்சிதம், என்று என் பெயர் வந்தது, புதுச் செருப்பைப் போட்டு நடக்கிற மாதிரி ஒரு குரல். அந்தப் பெண் எங்கே போனாள், பாலை வழியவிட்டு நின்றவள், தர்மசீலன் சார் சேத்துடுங்க என்றதும் சேர்த்தவள் வேறு யாரோவா. ஐம்பத்தேழு வயதில் ஒருத்தி தன்னைத் தானே தேடிக்கொண்டு இப்படிப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது வெட்கமாக இருக்கிறது. வெட்கம் ஒன்றும் சாகடிக்காது.

பெஞ்சின் மறுமுனை அமுங்குகிறது. ஒரு மனிதர், ஐம்பது இருக்கும், சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, வேட்டி, இரண்டு உள்ளங்கையிலும் கட்டு. கட்டைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, நாலு பேரில் ஒருவர், சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். தாளைக் கவிழ்த்து வைக்கிறேன். அவராகவே பேச ஆரம்பித்தார். "இந்த பெஞ்சு நம்ம போட்டு மாதிரி ஆடுதும்மா." சிரிக்க வேண்டுமா என்று தெரியவில்லை, சிரித்துவிட்டேன். அஞ்சப்பன் என்றார் பெயரை. "பதினோரு மணின்னாங்க, ஒம்போதுக்கே வந்துட்டேன், டீக்கடையில போயி குந்துனா எல்லாரும் கையப் பாத்துட்டுக் கதை கேக்குறாங்க. எத்தன தடவ சொல்றது? ஐஸ்பொட்டி விளிம்பு தகரம்மா, புடிச்சிப் புடிச்சி அறுத்துருச்சு, அவ்வளவுதான் கதை." கை இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "கை கெடக்கு. நாலு பேரு கட்டிப் புடிச்சிக்கிட்டுக் கெடந்தோம் பாருங்க, எம் பொண்டாட்டிய நான் அப்புடிக் கட்டிப் புடிச்சதில்ல. அதச் சொல்லி அவ வேற ஏசுறா." பிறகு சிரிப்பு நின்றுவிட்டது, தன் கட்டுகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "செல்லு என் பையிலதாம்மா இருந்திச்சு, பாலித்தீன் சுத்தி. காத்துன்னா முந்துன நாளே டொய்ங்குனு வந்துரும், நாங்க போறதில்ல. அன்னைக்கு வரல. வரலன்னா காத்து இல்லன்னுதானே அர்த்தம்? நான்தான் தம்பிமாருகிட்ட சொன்னேன், ஒண்ணும் வரலடா வாங்கடா போவோம்னு. நான் சொன்னதுனாலதான் வந்தானுவ." அவர் தன்மீது போட்டுக்கொள்கிறார். இவர் எதற்குப் போட்டுக்கொள்கிறார்? வராததை நம்பியது ஒரு குற்றமா? இந்த ஊரில் தப்பு என்பது எப்போதும் கீழ்ப்பக்கமாகவே ஓடிவந்து எங்கே பள்ளமோ அங்கே தேங்கிக்கொள்கிறது, ஹாஜிராவிடம், இவரிடம். "யாரோ சின்னப் பொண்ணு மாத்தி அடிச்சிருச்சாமே" என்றார். வாயைத் திறந்தேன். இல்லை என்று சொல்லத்தான் திறந்தேன். அப்படியாம், என்று வந்தது. அப்படியாம்! ஒற்றைச் சொல்லின் மேல் ஒரு பெரிய பொய்யை எவ்வளவு பாந்தமாக உட்கார வைத்துவிட்டேன்.

கைப்பைக்குள் போன் துடிக்கிறது. ஹாஜிரா. விசாரணை முடியும்வரை அவளைக் கீழே பதிவறையில் போட்டிருக்கிறார்கள், பழைய கோப்புகளின் நடுவில். எழுந்து ஜன்னல் பக்கம் போனேன், வெளியே வானம் சாம்பல் பூசிக் கிடக்கிறது, வங்கக் கடலில் புதிதாக ஒரு தாழ்வு என்று காலை ஆறு மணி அறிக்கையில் பார்த்தேன், மாலை நான்கு மணிக்கு எச்சரிக்கை வரும். "மேடம், கையெழுத்துப் போட்டுட்டீங்களா?" இல்லை என்றேன். "போட்டுடுங்க மேடம். எங்க அத்தா சொல்லிட்டாரு, வேலை போனாப் போவுது, அலையாதன்னு." அப்புறம் மூச்சை இழுத்துக்கொண்டு, "மேடம், நான் அட்டையப் பாத்துத்தான் அடிச்சேன், எழுத்துக்கு எழுத்து. மூணு தடவ ஒப்பிட்டுப் பாத்துட்டுத்தான் தட்டினேன். ஆனா சார் தினம் கூப்பிட்டு நீ மாத்தி அடிச்சே மாத்தி அடிச்சேன்னு சொல்றாரா, இப்பக் கண்ண மூடுனா நான் தெற்குன்னு அடிக்கிற மாதிரியே தெரியுது மேடம். அடிச்சிருப்பேனோ?" இருபத்து நான்கு வயது. பத்து நாளில் ஒரு பெண்ணின் தலைக்குள் இருந்த உண்மையை எடுத்துவிட்டு அங்கே வேறொன்றை வைத்துவிட முடிகிறது. அவள் அடித்தது வடக்கு. நாங்கள் அடித்த வரிகளையெல்லாம் இயந்திரம் நாள் நேரத்தோடு சேமித்து வைத்திருக்கிறது, ஆறாவது நாள் நான் தோண்டி எடுத்துப் பார்த்தேன், அட்டையில் இருக்கிற வரி, ஒரு புள்ளி பிசகாமல். அதற்கு மேலே, இரண்டு நாள் முந்தைய தேதியில், என் வரி. அட்டை சுவருக்கு வந்து பதினெட்டு நாள் காற்றே இல்லை, பத்தொன்பதாவது நாள் தென்கரைக்கு எச்சரிக்கை, அன்று நான் இருந்தேன், நான் எதற்கு அட்டையைப் பார்க்கப் போகிறேன், முப்பது வருடப் பழக்கம், விரல் தானாகவே இரண்டு வரியாக அடித்தது, மண்டலம் சமம் தெற்கு, என்டர், அனுப்பு, என்டர். சரியாகப் போனது. தெற்கு டப்பாவுக்குள்ளேயே கிடந்தது. அந்தத் திரையை நாங்கள் மூடுவதே இல்லை. இரண்டு நாள் கழித்து ஹாஜிரா வந்து என் அட்டையின்படி ஒரே வரியாக அடித்தாள், ஷெல் அவளுடைய வடக்கை ஓரமாக வைத்துவிட்டு என் தெற்கை எடுத்து விரித்தது. திரையில் அனுப்பப்பட்டது என்று மட்டும் வந்தது. சொன்னதைக் கேட்காத எனக்குச் சரியாக நடந்தது. சொன்னதைச் சொன்னபடி செய்தவள் பதிவறையில் தூசிக்கு நடுவே இருக்கிறாள். "நீ சரியாத்தான் அடிச்சே ஹாஜிரா," என்றேன். "நான் பாத்தேன். வரி இருக்கு. தப்பு உன்மேல இல்ல." அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "இத ஏன் மேடம் முன்னாடியே சொல்லல?"

ஏன் சொல்லவில்லை? நாலு நாள். ஆறாவது நாள் கண்டுபிடித்தேன், இன்று பத்தாவது நாள். அன்றே தர்மசீலன் சாரிடம் ஓடினேன், கேட்டார், தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார், மனிதருக்குப் புரிந்தது, மட்டி இல்லை அவர். "உள்ள எது முதல்ல விரியுது எது அப்புறம் விரியுதுன்னு கமிட்டிக்குச் சொன்னா அவங்க எழுந்து போயிடுவாங்க மேடம். அட்டை தப்புன்னு வெளிய வந்தா நீங்களும் நானும் காலி." மறுநாள் ஓர் உத்தரவு வந்தது, விசாரணை முடியும்வரை கண்காணிப்பாளர் எந்த நிலையத்தோடும் தொடர்புகொள்ளக் கூடாது. படித்தேன், பெற்றுக்கொண்டேன் என்று போட்டேன். அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் என்ன, வீட்டில் உட்கார்ந்து அட்டைக்குப் பரிகாரம் யோசித்தது. டாலருக்குப் பின்னால் நெளிவு அடைப்புக்குள் பெயரை எழுதி, ஒரு முக்காற்புள்ளியும் சிறு கோடும் போட்டால், டப்பா காலியென்றால் பின்னால் எழுதியிருக்கிற சொல்லை வைத்துச் சமாளித்துக்கொள் என்று அர்த்தம். சிறு கோட்டுக்குப் பதில் கேள்விக்குறி போட்டால், காலியென்றால் சமாளிக்காதே, காரணத்தைச் சத்தமாகச் சொல், அதோடு நில், வேலையை நடத்தாதே என்று அர்த்தம். அந்தக் கேள்விக்குறியைப் போட்டிருக்கலாமே என்று ஒரு ராத்திரி முழுக்க அழுதேன், விடியும்போது புரிந்தது, போட்டிருந்தாலும் உதவியிருக்காது. டப்பா காலியாக இருந்தால்தானே கத்தும்? காலியாக இல்லை. பழையது இருந்தது. பழையது உள்ளே இருக்கிறவரை எல்லாம் சரியாக இருக்கிற மாதிரியே நடக்கும், ஒரு சத்தமும் வராது. நானும் அப்படித்தான் நாலு நாள் நடந்தேன், சோறு வடித்தேன், செடிக்குத் தண்ணீர் விட்டேன், முப்பது வருடம் கீழ்ப்படிந்த பழக்கம் உள்ளே கிடந்து தானாக விரிந்துகொண்டிருந்தது. பயம், வேறென்ன. பத்திரிகையில் பெயர் வரும். மாமியார் கஷ்டப்பட்டுப் பழகிக்கொண்ட பெயர். பணி நீக்கம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அது நிற்கும். நிற்கட்டும். இந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் ஹாஜிராதான் தப்பு என்று முடிவாகிவிடும், ஹாஜிரா தப்பென்றால் அட்டை சரி என்று ஆகிவிடும், அட்டை சரியென்றால் அது சுவரிலேயே இருக்கும், ஒன்பது சுவரில், இன்று சாயங்காலம் நாலு மணிக்கு ஒன்பது பேர் அதை அண்ணாந்து பார்த்து எழுத்துக்கு எழுத்து அடிப்பார்கள். இதை ஏன் நான் இப்போதுதான் இவ்வளவு எளிதாக நினைக்கிறேன்? இதுவரை என் பெயர், ஹாஜிராவின் வேலை, அவருடைய சிரிப்பு, இவற்றைச் சுற்றியே வந்துகொண்டிருந்தேன், நாலு மணி என்ற ஒன்றை மனது ஓரமாக எடுத்து வைத்திருந்தது.

பெஞ்சுக்குத் திரும்பி வந்தேன். உட்காரவில்லை. அஞ்சப்பன் முன்னால் நின்றேன். "அந்தப் பொண்ணு மாத்தி அடிக்கல," என்றேன். "நான் எழுதிக் கொடுத்த அட்டை தப்பு. அதைப் பாத்து அடிச்சா தப்பாத்தான் போகும். உங்களுக்குச் செய்தி வராததுக்குக் காரணம் நான்." அவர் அடிப்பார் என்று நினைத்தேனா, அழுவார் என்று நினைத்தேனா, ஒன்றும் செய்யவில்லை, தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார், கடலைப் பார்ப்பதுபோலக் கண்ணைச் சுருக்கி. பிறகு கேட்டார். "சரி. மறுக்கா காத்து வந்தா எங்களுக்குச் சேதி வருமா?" மன்னிப்புக்கு நான் தயாராகி வந்திருந்தேன், ஏச்சுக்குத் தயாராகி வந்திருந்தேன், இதற்குத் தயாராகவில்லை. "எந்தம்பி இன்னைக்குக் கெளம்புறான்மா, அதான் கேக்குறேன். வருமா?" வராது, என்றேன். இப்ப இருக்கிற நிலைமையில வராது. உதவியாளர் கதவைத் திறந்து "மனோரஞ்சிதம் மேடம்" என்று கூப்பிட்டார். மணி பத்து ஐம்பது, பத்து நிமிடம் முன்னாலேயே, அவர்களுக்கும் அவசரம்தான். "தம்பியப் போக வேணாம்னு சொல்லுங்க," என்றேன், "நான் சொன்னேன்னு சொல்லுங்க."

நீள மேசை, அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் தலைமையகத்திலிருந்து வந்த அம்மாள், வெள்ளை முடி, மூக்குக் கண்ணாடி, வலது பக்கம் யாரோ ஒருவர், இடது பக்கம் தர்மசீலன் சார், சிரித்த முகம். "கையெழுத்தாயிடுச்சா மேடம்?" என்று கை நீட்டினார். தாளை அந்த அம்மாளின் முன்னால் வைத்தேன். "இதுல நான் போட முடியாதுங்க. ஹாஜிரா தப்பா அடிக்கல. அட்டையில நான் ரெண்டு வரியை ஒண்ணாச் சேத்தேன், சார் சேக்கச் சொன்னார், நான் சரிபாத்துக் கையெழுத்துப் போட்டேன். அந்த வரி எப்பவும் பழைய மண்டலத்துக்குத்தான் அனுப்பும். இயந்திரப் பதிவு இருக்கு, காட்டறேன்." தர்மசீலன் சார் சிரிப்போடேயே, "மேடத்துக்கு ரெண்டு நாளா ஒடம்பு சரியில்ல," என்றார். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "எழுதிக் கொடுங்க, பரிசீலிக்கிறோம்." எழுதுகிறேன், என்றேன், இப்போது நேரமில்லை, நாலு மணிக்கு எச்சரிக்கை வருகிறது, எல்லா நிலையத்திலும் அந்த அட்டைதான் இருக்கிறது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்து கைப்பையிலிருந்து போனை எடுத்தேன். "நிலையங்களோட பேசக் கூடாதுன்னு உங்களுக்கு உத்தரவு இருக்கு," தர்மசீலன் சார் இப்போது சிரிக்கவில்லை. "இருக்குங்க சார்." முதல் நிலையத்தில் போன் அடிக்கிறது. இரண்டு, மூன்று. எடுத்தவன் குரல் எனக்குப் பழக்கமில்லாதது, பேர் சொன்னேன், கண்காணிப்பாளர் என்றேன், எழுந்து நின்றிருப்பான் போல, நாற்காலி உரசியது. "சுவர்ல இருக்கற அட்டையக் கழட்டுங்க. கழட்டிட்டீங்களா? கவுத்துப் போடுங்க. இப்ப நான் சொல்றத அடிங்க." மண்டலத்தைச் சொன்னேன், சமத்துக்கு இரு பக்கமும் இடம் விடாதே என்றேன், வடக்கைச் சொன்னேன். "ம், அடுத்தது அனுப்பு, அதானே மேடம்? தெரியும் மேடம், அட்டையில பாத்திருக்கேன்." "இல்ல. அங்கேயே நிறுத்துங்க. என்டர் தட்டுங்க." "இப்பவேவா?" "இப்பவே. மத்ததெல்லாம் அதுக்கப்புறம்." தட்டுகிற சத்தம் கேட்டது. இரண்டாவது வரியையும் சொன்னேன், அதை எச்சரிக்கை வந்த பிறகுதான் அடிக்க வேண்டும் என்றேன், இரண்டையும் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னேன், திரும்பப் படிக்கச் சொன்னேன், படித்தான், இரண்டு வரியாகப் படித்தான். வைத்தேன். "மேடம், கமிட்டி ஒங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்கு," என்றார் தர்மசீலன் சார், பல்லுக்கு நடுவில். "தெரியுது சார்," என்றேன், "இன்னும் எட்டு நிலையம் பாக்கி," என்று அடுத்த எண்ணைத் தேடினேன்.